கூலிக்கு நோயாளி

எங்கள் கரீபியத் தீவின் ஆன்ஸ் மோரெல் ஊரில் தேர்வு முடிவு வந்துவிட்டது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருத்துவக் கல்லூரி வாசலிலிருந்து மீன் சந்தை வரை ரோட்டோரம் மின்விசிறிகள் வந்து நின்றுவிடும். பக்கத்தில் மெத்தை, மிக்சி, சோறு வடிக்கும் மின்பானை. தேர்வில் தோற்ற பிள்ளைகள் வெள்ளிக்கிழமை விமானத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும். அறை வாடகைக்கு விடுகிற எங்களைப் போன்றவர்கள் அதை வாங்கி, அடுத்த பருவத்துக்கு வரும் புதுப் பிள்ளைகளின் அறையில் வைப்போம். என் பின்னறை விசிறி அப்படி ஐந்து பேருக்குக் காற்று வீசியது. அதில் இரண்டு பேர்தான் டாக்டர் ஆனார்கள்.

டெமிலோலா ஆறாவது. அவளுடைய பெற்றோர் நைஜீரியாவிலிருந்து ஹூஸ்டனுக்குப் போய்க் குடியேறியவர்கள். அங்குள்ள கல்லூரிகளில் இடம் கிடைக்காமல் இங்கே வந்தவள். வந்த அன்றே குறிப்பு அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளியலறைச் சுவர் முழுக்க ஒட்டிவிட்டாள். பல் தேய்க்கும் இடத்தில் சிறுநீரகம், குளிக்கும் இடத்தில் மூளை நரம்புகள் பன்னிரண்டும். நான் குளிக்கப் போனால் அவை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் ஜன்னலிலிருந்து நாற்பது அடியில் கடல். பதினாலு மாதத்தில் அவள் அதில் கால் நனைத்தது இரண்டே தடவை.

அவள் ஒரு தடவை தோற்றிருந்தாள். உடம்பைச் சோதிக்கும் தேர்வில், இதயத்தைக் கேட்கும்போது நோயாளியை முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, நெஞ்செலும்புக்கு இடப்பக்கம் கேட்க வேண்டுமாம். அதை மறந்துவிட்டாள். அதோடு இன்னும் இரண்டு சின்னத் தப்பு. மறுபடி அதே பருவத்தைப் படிக்க விட்டார்கள். இரண்டாம் முறையும் தோற்றால் கல்லூரியைவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் சாயவைக்காமல் விட்டதில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன், ஸ்டெதஸ்கோப்போடு வந்து நிற்பாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் முன்னாடி சாயுங்க. மூச்ச விடுங்க. நிறுத்துங்க."

"நிறுத்தியே போயிடப் போறேன் ஒரு நாளைக்கு."

"பேசாதீங்க ஆன்ட்டி, பேச்சுதான் கேக்குது. இதயமே கேக்கல."

என் அண்ணன் கத்பர்ட்டும் அவன் மனைவி யூடோராவும் முன்வீட்டில் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். கல்லூரி வாசலுக்கு எதிரே வரிசையாக இருக்கும் சாப்பாட்டுக் கடைகளில் மூன்றாவது யூடோராவுடையது. தகரக் கூரையும் பலகைச் சுவருமாக ஒரு பெட்டி மாதிரி இருக்கும். காலையில் பொரித்த ரொட்டியும் உப்பு மீனும், மத்தியானம் வேகவைத்த வாழைக்காய், சீமைப்பலா, சேம்பிலை சூப், கோழி. மாணவர்கள் நின்றுகொண்டே, ஒரு கையில் புத்தகத்தை விரித்தபடி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் தபால் நிலையத்தில் ஓய்வு பெற்ற பிறகு காலையில் அவளுக்கு மாவு பிசைந்து கொடுப்பேன்.

கத்பர்ட் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். பஸ்ஸை விற்றதும் கல்லூரியில் நோயாளி வேலைக்குச் சேர்ந்தான். ஊரில் முப்பது நாற்பது பேருக்கு அந்த வேலை உண்டு. தேர்வு நாளில் வரிசையாகப் பத்து அறை. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு நோயாளி, மூலையில் ஒரு பரீட்சகர். மணி அடித்தால் மாணவர் உள்ளே வருவார், பத்து நிமிஷம் சோதிப்பார், மணி அடித்தால் அடுத்த அறைக்குப் போவார். நோயாளிக்கு ஒரு வாரம் முன்பே அட்டை கொடுத்துவிடுவார்கள். உன் வயது இன்னது, உனக்கு இந்த இடத்தில் வலி, இதைக் கேட்டால் இதைச் சொல். நோய் இல்லாத ஆட்களாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நோய் எதுவும் இல்லையென்று சேரும்போதே கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள்.

இந்த வேலையில் கத்பர்ட்டுக்கு இருந்த பெருமை அவனுக்குப் பஸ் மேல்கூட இருந்ததில்லை.

"ஃபெலிசியனுக்குப் பக்கவாதம் குடுத்தாங்க போன தடவ," என்று சொல்லிச் சிரிப்பான். "எந்தக் கை விழுந்ததுன்னு பாதியில மறந்துட்டான். மணி அடிக்கறதுக்குள்ள ரெண்டு கையும் விழுந்துடுச்சு. நான் அப்படி இல்ல. நான் பித்தப்பைக் கல்லுக்கு நடிச்சப்ப அந்தக் கனடாப் பையன் அழுதே போயிட்டான்."

அந்த ஆகஸ்டில் அவனுக்குக் கொடுத்த அட்டையில் நெஞ்செரிச்சல். இதயத்தில் ஒன்றுமில்லை, வயிற்றுப் புளிப்புதான் மேலே வருகிறது என்று மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க யூடோராவின் அடுக்களையில் ஒத்திகை நடந்தது. காற்றே இல்லாத நாட்கள். புயல் எங்கேயோ தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வந்தது புழுக்கம் மட்டும்தான்.

"எரியுது யூடோரா. இங்கேருந்து இங்க வரைக்கும்."

"எரியட்டும். அந்த வாழைக்காய உரிச்சு வச்சிட்டு எரியட்டும்."

"சாப்பிட்டா ஜாஸ்தி ஆகுது."

"அப்ப இன்னிக்கு உனக்குச் சாப்பாடு இல்ல."

"பாத்தியா ஹெர்மினா," என்றான் என்னிடம். "பத்து டாலர் ஃபீஸ் வாங்காம வைத்தியம் பண்ணிட்டா உன் அண்ணி."

தெரிந்தவர்கள் நோயாளியாக வந்தால் மாணவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று கல்லூரியில் ஒரு விதி உண்டு. உறவினர், வீட்டுக்காரர் இரண்டையும் விதியில் எழுதியிருந்தார்கள். வீட்டுக்காரியின் அண்ணனை எழுதவில்லை. எங்கள் தீவில் அதையும் சேர்த்திருந்தால் நோயாளியாக நடிக்க ஆளே கிடைத்திருக்காது. தேர்வன்று டெமிலோலாவுக்கு ஏழாவது அறையில் கத்பர்ட் வாய்த்தான்.

தேர்வு முடிந்து வந்தவள் முற்றத்தில் தொட்டிப் பக்கம் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். நன்றாகத்தான் என்றாள். பிறகு, "ஆன்ட்டி, கத்பர்ட் அங்கிள் கடைசியா எப்ப டாக்டர்கிட்டப் போனாரு?" என்று கேட்டாள்.

"கல்லூரியிலதான் தினமும் டாக்டருங்க வந்து பாக்கறாங்களே."

அவள் சிரிக்கவில்லை. நானும் மேலே கேட்கவில்லை. மாவு ஊறிக்கொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை முடிவு வந்தது. டெமிலோலா தோற்றுவிட்டாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினாள். ஒன்பது அறையில் தேறியிருந்தாள். ஏழாம் அறையில் சிவப்பு. அந்த ஒரு சிவப்பு மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டிருந்தது.

"நான் முன்னாடி சாயச் சொன்னேன் ஆன்ட்டி. மூச்ச நிறுத்தச் சொன்னேன். ரெண்டு துடிப்புக்கு நடுவுல ஒரு சத்தம் கேட்டுச்சு. வால்வு சரியா மூடாம ரத்தம் திரும்பி ஒழுகற சத்தம். கேட்டத எழுதினேன். அவங்க தாள்ல இதயம் நார்மல்னு இருக்கு. கேக்காதத கேட்டதா எழுதினா, தெரியாம விட்டத விடப் பெரிய தப்பு. கற்பனை பண்ணி எழுதிட்டேன்னு போட்டிருக்காங்க."

"மத்தவங்க என்ன எழுதினாங்க?"

"அன்னிக்கு அவர எட்டுப் பேர் பாத்தாங்க. ஏழு பேரு நார்மல். யாரும் சாயவச்சிருக்க மாட்டாங்க. நேரம் பத்தாது, எல்லாரும் அத விட்டுருவாங்க."

"நீயும் விட்டிருக்கலாம்."

"போன தடவ விட்டேன், ஆன்ட்டி. அதுக்குத்தான் ஃபெயில் பண்ணாங்க."

எதிர்த்து மனுப் போடப் பத்து நாள் அவகாசம். ஆனால் தேர்வைப் பற்றி நோயாளியிடம் பேசக் கூடாது என்று இன்னொரு விதி. பேசினால் மனுவே செல்லாது.

"அவர் தலைய கவனிச்சிருக்கீங்களா?" என்றாள். "சும்மா உக்காந்திருக்கும்போது மெதுவா ஆடும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு ஆட்டம். அது இந்த நோய்க்கு ஒரு அடையாளம்."

கவனித்திருக்கிறேன். இரண்டு வருஷமாக கத்பர்ட் எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். வயசாகி மனுஷன் பக்குவப்பட்டுவிட்டான் என்று நானும் யூடோராவும் பேசிக்கொள்வோம். இருபத்தெட்டு வருஷம் கழித்து இப்போதுதான் நான் சொல்வதை ஒத்துக்கொள்கிறான் என்று யூடோரா கடையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

பேசக் கூடாது என்ற விதி டெமிலோலாவுக்குத்தான், எனக்கில்லை என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே முன்வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் உடனே எழுந்து ஹெல்த் சென்டருக்குப் போவான், அங்கே கேட்டு எழுதிக் கொடுப்பார்கள், பெண் தப்பிப்பாள், அவனும் தப்பிப்பான் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது.

கத்பர்ட் கொக்கோத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே முழுதும் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது.

"அவளுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டதா எழுதியிருக்கா."

"இதயத்துக்குள்ள சத்தம்?"

"ஆமா கத்பர்ட். அதான் சொல்றேன், நீ போய்க் காட்டு."

அவன் தொடையைத் தட்டினான். "நான் என்ன பண்ணேன் தெரியுமா? நெஞ்சு எரியுதுன்னு சும்மா வாயால சொன்னாப் போதாதுன்னு, உள்ளேருந்து எரிய வச்சேன். மூச்ச நிறுத்துங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னதும் இன்னும் இறுக்கிப் பிடிச்சு, உள்ளயே முக்கினேன். ஜாஸ்தி பண்ணிட்டேன். நம்பிட்டா."

"இதயத்துல நடிக்க முடியுமாய்யா?" என்றாள் யூடோரா.

"உனக்குத் தெரியாது. ஃபெலிசியன் தும்மல்கூட நிஜமா வரவழைப்பான்."

"தும்மல் வேற, இதயம் வேற. நாளைக்கு செவ்வாக்கிழமை. ஹெல்த் சென்டருக்கு டாக்டர் வருவாரு. போ."

"போனா என்னைய நோயாளின்னு எழுதிருவாங்க. அப்புறம் கல்லூரியில என்னை எப்படி எடுப்பாங்க? நோய் இருக்கறவனுக்கு அங்க வேலை இல்ல."

"அடக் கடவுளே," என்றாள் யூடோரா. "நோயாளி வேலை போயிடும்னு நோய மறைக்கிறவன இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அவன் தலை மெதுவாக ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

செவ்வாய் போகவில்லை. புதன் மழை. சீமைப்பலா மரத்தடியில் முற்றமெல்லாம் சேறு. டெமிலோலா அறைக்குள் உட்கார்ந்து மனு எழுதி, அடித்து, எழுதிக்கொண்டிருந்தாள். கரண்ட் போய்விட்டு வந்தபோதெல்லாம் முதலிலிருந்து தட்டினாள். கத்பர்ட் முற்றத்தைத் தாண்டும்போது அவளைப் பார்த்து, "டாக்டர், கவலப்படாத, நான் பாத்துக்கறேன்," என்பான். அவள் விதிக்குப் பயந்து காதில் விழாதவள் மாதிரி கதவைச் சாத்திக்கொள்வாள்.

வியாழக்கிழமை காலை அவன் கோயிலுக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். கடைக்கு வந்தபோது மணி பதினொன்று. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு படி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்கினான். முகமெல்லாம் சிரிப்பு.

"சரி பண்ணிட்டேன். தேர்வ நடத்தற பெரிய டாக்டரையே பாத்துட்டேன். ஹால்வர்சன். உக்காரச் சொல்லி காபி குடுத்தாரு."

"என்ன சொன்ன?" என்றேன்.

"உள்ளத சொன்னேன். பொண்ணு மேல தப்பில்ல, நான்தான் ஜாஸ்தியா நடிச்சு ஏமாத்திட்டேன், அவ எழுதினது என்னாலதான்னு சொன்னேன். அவளுக்குச் சத்தம் கேட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்னாரு. எங்க முற்றத்துலதானே இருக்கா, தெரியாம இருக்குமான்னேன். எழுதிக்கிட்டாரு. கையெழுத்துகூடப் போட்டுக் குடுத்தேன்."

யூடோரா கரண்டியைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாள். மாணவர்கள் நாலைந்து பேர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ அங்கிள்," என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கல்லூரியிலிருந்து பதில் வந்தது. டெமிலோலா அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். இல்லாத சத்தத்தை மாணவி எழுதியதாக நோயாளியே ஒப்புக்கொண்டிருக்கிறார். தேர்வு விவரம் நோயாளிக்குத் தெரிந்திருப்பதால் மாணவி விதியை மீறியிருக்கிறார். மனு தள்ளுபடி. வெள்ளிக்கிழமைக்குள் அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும்.

"நான்தான் சொன்னேன்," என்றேன் அவளிடம். "நீ சொல்லல. நான்தான் அவன்கிட்டப் போய்ச் சொன்னேன். அத எழுதிக் குடுக்கறேன்."

"தெரியும் ஆன்ட்டி. வேணாம்." அவள் சுவரிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு மனுவுக்கு இடமே கிடையாது."

என் மேல் கோபப்பட்டிருக்கலாம். அன்று அவள் கோபப்படாதது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அடையாள அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நேராக முன்வீட்டுக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் கத்பர்ட் எழுந்து நின்றுவிட்டான். கல்லூரிக்குப் போய் வந்த நாளிலிருந்து அவன் அவள் கண்ணில் படாமல் பின்சந்து வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

"அங்கிள், இப்ப நான் ஸ்டூடன்ட் இல்ல. உங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. சட்டையக் கழட்டுங்க."

"பொண்ணே, என்னை மன்னிச்சிடு. நான் ஒண்ணு நினைச்சேன்..."

"சட்டையக் கழட்டுங்க அங்கிள்."

அடுக்களைப் படியில் உட்காரவைத்தாள். முன்னால் சாயச் சொன்னாள். மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னாள். கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டாள்.

முதலில் எனக்கு என் காதுதான் இரைந்தது. அப்புறம் அவன் இதயம் இரண்டு தட்டுத் தட்டியது. இரண்டாம் தட்டு முடிந்ததும் மெல்லிய பெருமூச்சு மாதிரி ஒன்று. அலை வடியும்போது கூழாங்கல்லுக்குள் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும் ஓசை. ஒவ்வொரு தடவையும். விடாமல்.

யூடோராவிடம் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கையில் ஒட்டியிருந்த மாவைப் பாவாடையில் துடைத்தாள், மறுபடி மறுபடி துடைத்தாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பை அவன் காதில் மாட்டினாள்.

கத்பர்ட் தன் நெஞ்சைத் தானே கேட்டான். முற்றத்தில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அவன் முகத்திலிருந்த எல்லா நடிப்பும் இறங்கிப்போயிற்று.

"நான் இப்ப ஒண்ணும் பண்ணலியே," என்றான்.

"இல்ல அங்கிள்."

"அன்னிக்கும் இதுதானா?"

"இதேதான்."

அவன் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் நடிச்சது எதையும் நீ நம்பல."

"நெஞ்செரிச்சல நம்பினேன் அங்கிள்," என்றாள் டெமிலோலா. "அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். என்ன கேட்டது, எந்த இடத்தில், எந்த நிலையில், ரத்த அழுத்தத்தில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் எவ்வளவு விலகி நிற்கின்றன, சீக்கிரமாக இதய நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று சுத்தமான கையெழுத்தில். கீழே பெயர் மட்டும் போட்டாள். பெயருக்குப் பின்னால் போட ஒன்றுமில்லை.

மறுநாள் காலை கத்பர்ட் ஹெல்த் சென்டருக்குப் போகவில்லை. முதலில் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். நானும் கூடப் போனேன். டாக்டர் ஹால்வர்சன் நல்ல மனிதர். யூடோரா கடையில் சாப்பிடுகிறவர். சேம்பிலை சூப் பிடிக்கும்.

"நான் போன வாரம் சொன்னது பொய்," என்றான் கத்பர்ட். "எழுதிக் குடுத்தத திருப்பிக் குடுங்க. எனக்கு நிஜமாவே நோய் இருக்கு."

"அப்படின்னு யார் சொன்னாங்க?"

"அந்தப் பொண்ணு."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "மிஸ்டர் கத்பர்ட், அவங்க சொன்னத வச்சு அவங்க மனுவ நான் எப்படித் திரும்ப எடுக்க முடியும்?"

கத்பர்ட் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். "அப்ப நீங்களே கேளுங்க. முன்னாடி சாயறேன். மூச்ச நிறுத்தறேன். ஒரு நிமிஷம்."

"என்னால முடியாது."

"ஏன்?"

"எனக்கு இங்க பாடம் நடத்தத்தான் அனுமதி. இந்தத் தீவுல வைத்தியம் பாக்க லைசென்ஸ் கிடையாது. நான் உங்க நெஞ்சுல அத வச்சா சட்டப்படி குத்தம்."

"நூறு பசங்க வச்சாங்களே! மூணு வருஷமா வச்சாங்களே!"

"அவங்க உங்களுக்கு வைத்தியம் பாக்கல. படிச்சாங்க."

"அப்ப நீங்களும் படிங்க," என்றேன் நான். என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பை அவர் விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. ஹெல்த் சென்டரில் எழுதி வாங்கி வாருங்கள், கமிட்டி முன்னால் வைக்கிறேன், ஆனால் அவகாசம் முடிந்துவிட்டது, நம்பிக்கை கொடுக்க முடியாது என்றார். கத்பர்ட் அந்த அறையிலேயே பொத்தான்களைப் போட்டுக்கொண்டான். மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் போட்டுவிட்டு அப்படியே தெருவில் நடந்து வந்தான்.

வெள்ளிக்கிழமை நான் டெமிலோலாவை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அதே நேரத்தில் யூடோரா கத்பர்ட்டை ஹெல்த் சென்டர் வரிசையில் உட்காரவைத்திருந்தாள். அங்கே வந்த டாக்டர் இளம் கியூபாக்காரர். டெமிலோலாவின் கடிதத்தைப் படித்துவிட்டு, எழுதியபடியே சாயவைத்துக் கேட்டார். நிமிர்ந்து, "இத எழுதின டாக்டர் எங்க வேலை பாக்கறாங்க?" என்று கேட்டாராம். இப்போதுதான் ஊருக்குக் கிளம்பினாள் என்றாளாம் யூடோரா.

தலைநகர் ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் பிடிக்கும் மிஷின் ஜூனிலிருந்து ரிப்பேர். இதய நிபுணர் பார்படோஸிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அடுத்து நவம்பர் பதினாலு. சீட்டை யூடோரா அடுக்களை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தாள். கியூபாக்காரர் எழுதிக் கொடுத்ததை நான் கல்லூரியில் கொடுத்து ரசீது வாங்கினேன். வாரா வாரம் போய்க் கேட்டேன். கமிட்டி இன்னும் கூடவில்லை. கமிட்டியில் ஒருவர் விடுப்பு. கமிட்டி கூடியது, ஆனால் இது அதன் வரம்பில் வரவில்லை.

கத்பர்ட் அந்த இரண்டு மாதமும் யாரிடமும் நடிக்கவில்லை. டாமினோ ஆடப் போனவன் பாதியில் எழுந்து வந்துவிடுவான். தலையணை மூன்று வைத்துச் சாய்ந்து படுத்தான். "எரியுது" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எரியவில்லையா என்று யூடோரா கேட்டால், "அட்டையில இல்ல," என்பான்.

அக்டோபர் இருபத்துநாலாம் தேதி காலை ஏழரை மணிக்கு வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தவன் கத்தியைத் தட்டில் ஒழுங்காக வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். நான் மாவில் கை வைத்திருந்தேன். கூப்பிட்டேன். யூடோரா திரும்பிப் பார்த்து, "சும்மா இரு கத்பர்ட், நேரமாச்சு," என்றாள். அதைச் சொன்னதற்காக அவள் இன்றுவரை தன்னைத் திட்டிக்கொள்கிறாள். எதிரே ரோட்டைத் தாண்டினால் நானூறு பேர் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகள் தட்டை எறிந்துவிட்டு ஓடிவந்து நெஞ்சை அழுத்தினார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை முறை மாற்றி முறை மாற்றி நாற்பது நிமிஷம் அழுத்தினார்கள். அதில் ஒரு பையன், கத்பர்ட் நடித்த பித்தப்பைக் கல்லுக்கு அழுத கனடாக்காரன், அன்றும் அழுதான்.

பிரேதப் பரிசோதனைக் காகிதம் ஜனவரியில்தான் வந்தது. ஒரு பிரதியைக் கல்லூரிக்கு அனுப்பினேன். இரங்கல் தெரிவித்து அழகான பதில் வந்தது. டெமிலோலாவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இன்னொரு பிரதியை ஹூஸ்டனுக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து நானும் யூடோராவும் சாப்பிட உட்கார்ந்தபோது டெமிலோலா கூப்பிட்டாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாளாம். வேறொரு தீவில் இருக்கும் ஒரு கல்லூரிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறாளாம். முந்தைய கல்லூரியைவிட்டு ஏன் அனுப்பினார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். யூடோராவும் கேட்கட்டும் என்று போனை மேசையில் வைத்தேன்.

"படிச்சேன் ஆன்ட்டி," என்றாள். "அறுநூத்தி நாப்பது கிராம். சாதாரண இதயத்துக்கு ரெண்டு மடங்கு." யூடோரா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும். பரீட்சைய விட்டுட்டு அந்த ரூம்லேயே கத்தியிருக்கணும். மணி அடிச்சதும் அடுத்த ரூமுக்குப் போயிட்டேன்."

"நீ எழுதிக் குடுத்த," என்றேன். "எழுத வேண்டிய இடத்துல எழுதிக் குடுத்த."

"டூடூ," என்றாள் யூடோரா, எங்கள் ஊரில் செல்லப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. "அந்தக் காகிதத்த வச்சு மனு எழுது. என்ன நடந்துச்சோ முழுசா எழுது."

"எழுதறேன் ஆன்ட்டி. அங்கிள் பேர் வராம எழுதறேன். நோயாளின்னு மட்டும் போடறேன்."

"ஏன் வராம?"

"நோயாளி பேர வெளிய எழுதக் கூடாது ஆன்ட்டி. விதி."

யூடோரா தட்டைத் தள்ளிவிட்டுப் போனை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"அவன் என்னிக்கு நோயாளியா இருந்தான்? நவம்பர் பதினாலுக்குத்தான் நோயாளின்னு சீட்டுக் குடுத்தாங்க. அதுவரைக்கும் அவன் உசுரோட இருக்கல. கல்லூரியில அவன நடிகன்னுதான் எழுதி வச்சிருக்காங்க, கையெழுத்து இருக்கு. நடிகன் பேரப் போடாம இருப்பாங்களா? முழுப் பேரப் போடு. கத்பர்ட் அல்ஃபோன்ஸ் டெலமார்."

அந்தப் பக்கம் மடிக்கணினி விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. யூடோரா போனைக் கீழே வைக்காமல், காதோடு சேர்த்து, மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டாள்.